கடியப்பட்டணம் லைட்டவுஸின் முன்னால் எடுத்த படம்

1

போன வாரம் என் மகள் கிரேஸ், என்னைக் கேட்காமல் என் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். அப்பா ஊரிலிருந்து வந்த பொருள் ஒன்றைக் கொண்டுவந்து வகுப்பில் காட்ட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாள். சீனப் பிள்ளைகள் விசிறி, பீங்கான் கிண்ணம் என்று கொண்டுவந்தார்களாம். எங்கள் வீட்டில் ஊரிலிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு வேதப்புத்தகம், ஒரு வெண்கல உருளி, என் முன்கோபம். பாவம், அவளும் என்ன செய்வாள்.

படத்தில் இருப்பது கடியப்பட்டணத்து லைட்டவுஸ். வெள்ளைக் கட்டடம், பாறை, பின்னால் கடல். முன்னால் வயதான ஒரு பெண் நின்று சிரிக்கிறாள்.

"டீச்சர் இது என்னன்னு கேட்டாங்க. ரூமா அப்பின்னு சொன்னேன்" என்றாள் கிரேஸ். மலாயில் அதற்கு அப்படித்தான் பேர். தமிழில் சொல்லத் தெரியாதா என்று அதட்டினேன். "தமிழ்ல என்னப்பா?" என்றாள். சட்டென்று எனக்கே வாயில் வரவில்லை. புத்தகத்தில் கலங்கரை விளக்கம் என்றிருக்கும். எங்கள் பக்கத்தில் ஒருவரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

"அந்தப் பாட்டி யாருன்னும் கேட்டாங்க. அப்பாவோட அம்மான்னு சொல்லிட்டேன். எல்லாரும் கையிலே வாங்கிப் பார்த்தாங்க."

என் தாய் நான் கப்பலேறுவதற்கு முன்பே இறந்துவிட்டாள். பிள்ளை சொன்ன பொய் சின்னப் பொய்தான். ஆனால் எல்லாரும் வாங்கிப் பார்த்தார்கள் என்றதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. கையிலிருந்து படத்தைப் பிடுங்கி, வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் அழவில்லை. வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மலாயில் ஏதோ சொன்னாள். எனக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு என் பிள்ளைகள் என்னைப் பற்றிப் பேசுகிற பாஷை அது. எனக்கு நன்றாகவே புரியும்.

அவளிடம் சொல்ல முடியாததை இந்தப் பத்திரிகை வழியாக ஊரிலுள்ள உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் இங்கே மலாய் நாட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. நம் ஊரில் அந்தப் பேருக்கு மதிப்பில்லை. ஆபீஸ் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பெரட்டு, அதாவது ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. வந்தவனைக் குறிப்பதும், வராதவனைக் குறிப்பதும், செத்தவனுடைய வீட்டுக்குக் கடிதம் எழுதுவதும் என் வேலை. மூன்றாவது வேலையில் எனக்குக் கை பழகிவிட்டது. பேர், நோய், தேதி, கர்த்தர் உங்களைத் தேற்றுவாராக. நாலு வரியில் முடிந்துவிடும்.

சூசை கடியப்பட்டணத்துக்காரன். அவனுடைய அப்பன் வள்ளத்தோடு கடலில் முழுகிய வருஷம், இனி இந்தக் கடலே வேண்டாம் என்று கங்காணி ஒருவன் பின்னால் கிளம்பி வந்துவிட்டான். ஊரில் இருந்திருந்தால் நானும் அவனும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டோம். நான் கோட்டாற்றுக்குப் பக்கத்தில் மிஷன் சபைக்காரன், நாலு எழுத்துப் படித்தவன். அவன் கடப்புறத்து வேதக்காரன், அதாவது கத்தோலிக்கன், கைநாட்டு. இங்கே கூலிகள் குடியிருக்கும் லயத்தில் முந்நூறு பேர் இருந்தாலும் "எனக்க", "உனக்க" என்று பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். அது போதுமானதாக இருந்தது.

"அண்ணாச்சி, நம்ம லைட்டவுஸைப் பாத்திருக்கியளா?" என்று முதல் நாளே கேட்டான். இல்லை என்றேன். "பன்னிரண்டு மைல்ல கிடந்துட்டுப் பாக்கலியா? நீங்கெல்லாம் என்ன மனுசன்" என்றான். கடலுக்குள் எவ்வளவு தூரம் போனாலும் அது தெரியும் என்றும், அதைப் பார்த்துத்தான் கரைக்கு வருவார்கள் என்றும், அந்தப் பக்கம் கடலுக்குள் கிடக்கும் பாறைகள் மோசமானவை என்றும் சொல்லிக்கொண்டே இருப்பான். பால்வெட்டும் மரத்தைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாத இந்த ஊரில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனுடைய தாய் மிக்கேலம்மாளுக்குக் கடிதம் எழுதித் தருவேன். தலைப்பில் "சேசு மரி சூசை துணை" என்று போடச் சொன்னான். எங்கள் சபையில் இல்லாத வழக்கத்தை நான் ஏன் எழுத வேண்டும் என்று முரண்டு பிடித்தேன். "கடிதாசு உமக்கா எனக்கா?" என்றான். எழுதினேன். அங்கே கோவில் உபதேசியார் அவளுக்குப் படித்துச் சொல்வார். அவள் சொல்வதை எழுதி அனுப்புவதும் அவர்தான்.

3

ரப்பர் விலை விழுந்த வருஷம் என் மனைவியும் கிரேஸும் ஊரிலிருந்து வந்தார்கள். அழைத்துவரப் பினாங்குக்குப் போனேன். அவர்கள் வந்த கப்பலில் யாருக்கோ அம்மை கண்டு, எல்லாரையும் தீவில் இறக்கி அடைத்துவிட்டார்கள். மூன்று வாரம் நான் கரையில் காத்துக் கிடந்தேன்.

தோட்டத்துக்குத் திரும்பியபோது சூசை இல்லை. நான் போன சில நாளில் விஷக்காய்ச்சல் கண்டு, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசர் அவனை மாட்டுவண்டியில் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். அங்கேயே செத்துப்போனான் என்று வண்டிக்காரன் வந்து சொன்னானாம். அங்கேயே புதைத்துவிட்டார்களாம். என்றைக்கு என்று லயத்தில் கேட்டேன். ஒருவன் நீங்கள் போன பத்தாம் நாள் என்றான், இன்னொருவன் அதற்கும் பிறகு என்றான். என் இடத்தில் வேலை பார்க்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த கிராணி இதையெல்லாம் விசாரிக்கவில்லை. பெரட்டுக்கு வராதவன் பேருக்கு நேராக "ஓடிப்போனான்" என்று எழுதிவிட்டுப் போயிருந்தான்.

நான் அதை அடித்துத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தினால் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தேதி கேட்க வேண்டும். தேதி வந்தால் வீட்டுக்கு எழுத வேண்டும். மேஜையில் மிக்கேலம்மாளின் கடிதம் வந்து கிடந்தது. "உனக்க சத்தம் கேட்டு நாலு வருசம் ஆகு மக்கா" என்று உபதேசியார் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார். எத்தனையோ வீடுகளுக்கு அந்த நாலு வரியை எழுதிய கை இந்த வீட்டுக்கு எழுத ஓடவில்லை. காகிதத்தை எடுத்து, "சேசு மரி சூசை துணை. நான் சுகம்" என்று எழுதினேன்.

ஒன்று எழுதினால் அடுத்ததும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. இரண்டு வருஷம் எழுதினேன். தோட்டத்தில் சம்பளம் குறைத்துவிட்டார்கள், இப்போதைக்கு ஒன்றும் அனுப்ப முடியாது என்றும் எழுதினேன். இரக்கத்தினால் செய்கிறேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு நான் வைத்த பேர் அது.

4

பிறகு எனக்கு ஆறு மாத லீவு கிடைத்தது. ஊருக்குப் போனதும் நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். கூடவே பினாங்கில் ஒரு பெட்டிக் கேமராவும் வாங்கினேன். ஒரு சுருளில் எட்டுப் படம் பிடிக்கும். சும்மா கடப்புறத்துக்குப் போனால் வீட்டில் கேள்வி வரும், லைட்டவுஸைப் படம் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படியும் என் அண்ணன் விடவில்லை. "கடப்புறத்துல உனக்கு என்னலே சோலி?" என்றான். படம் எடுக்க என்றேன். "கோட்டாத்துல இல்லாத கட்டடமா?" என்றான்.

லைட்டவுஸைப் படம் பிடிக்க அனுமதி வேண்டும் என்றார்கள். நாகர்கோவிலில் ஓர் ஆபீசுக்கு நடந்தேன். முதல் நாள் குமாஸ்தா இல்லை. அடுத்த வாரம் மனுவில் ஒட்டிய முத்திரை போதாது. மூன்றாம் முறை குமாஸ்தா மனுவைப் படித்துவிட்டு, "வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு எங்கள் லைட்டவுஸ் எதற்கு?" என்று கேட்டார். பிறந்து வளர்ந்த ஊரில் அந்த "எங்கள்" எனக்குச் சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறை திருப்பி அனுப்பப்பட்டபோதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகவே இருந்தது. கடைசியில் அனுமதிச் சீட்டைக் கொடுத்தேவிட்டார்கள்.

5

அங்கே போய்ச் சேரும்போது காலை பத்து மணி இருக்கும். லைட்டவுஸ் பாறை மேட்டில் நின்றது. சூசை சொன்ன அளவுக்கு உயரமில்லை. மேடுதான் உயரம். கீழே தென்னைகளும் கோவிலும் கரையில் இழுத்துப் போட்ட கட்டுமரங்களும் தெரிந்தன. கடலுக்குள் கறுப்பாகப் பாறைகள் கிடந்தன, சுற்றிலும் நுரை.

விளக்கைப் பார்த்துக்கொள்பவர் தக்கலைப் பக்கத்துக்காரர். என் அனுமதிச் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மேலே கூட்டிப்போய்க் கண்ணாடிக் கூட்டுக்குள் விளக்கைக் காட்டினார். பகலில் அது திரை போட்டு மூடிக் கிடந்தது. கண்ணாடியில் வெயில் பட்டால் தீப்பிடித்துவிடுமாம். இறங்கி வந்து ஆறு படம் பிடித்தேன். வேண்டுமென்றே மெதுவாகப் பிடித்தேன். ஒவ்வொன்றுக்கும் கேமராவின் முதுகிலுள்ள சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் வரும்வரை சாவியை வாத்தியார் மாதிரி நிதானமாகச் சுற்றினேன். ஏழு என்று வந்தபோது இனித் தள்ளிப்போட வழியில்லை என்று தெரிந்தது. மிக்கேலம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாளா என்று கேட்டேன்.

"நம்ம மிக்கேலம்மையா? அந்தா கீழ பாறையில மீனு காய வைக்கா" என்று சொல்லிவிட்டு அவரே கூவி அழைத்தார். "ஏ மிக்கேலம்மா, அக்கரையிலேருந்து ஆளு வந்திருக்கு."

அந்த வயதில் அவள் அவ்வளவு வேகமாக ஏறி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூச்சு வாங்க என் முன்னால் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்க மோனுக்க கூட்டாளியா நீ? கிராணியாரு?"

ஆமாம் என்றேன்.

"உனக்க கையெழுத்துதானே எனக்கு வருகு. முத்துமுத்தா இருக்குன்னு உபதேசியாரு சொல்லுவாரு. அவன் எப்படி இருக்கான், மெலிஞ்சிட்டானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேமராவைப் பார்த்துவிட்டாள். "இதுல பிடிச்சா அவனுக்குக் காட்டலாமா?" என்று கேட்டாள். காட்டலாம் என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சொன்னேன்.

விளக்குக்காரர் குறுக்கே வந்தார். "சீட்டுல கட்டடம்னு மட்டும்தான் எழுதியிருக்கு, கேட்டியளா? ஆளை நிறுத்தணும்னா அதுக்குத் தனியா எழுதி வாங்கணும்."

"நானும் இந்தக் கட்டடத்துக்குக் கீழயே கிடந்து கிழவியானவதானே. என்னையும் சேத்துக் கட்டடம்னு எழுதிக்க" என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கையிலிருந்த மீன் செதிலை முந்தானையில் துடைத்தாள். தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வைத்தாள். லைட்டவுஸின் கதவுக்கு நேராகப் போய் நின்றுகொண்டு, கேமராவைப் பார்த்துப் பேசினாள். "மக்கா, நான் நல்லா இருக்கேன், கேட்டியா. கண்ணு மட்டும்தான் கொஞ்சம் மங்கலு. நீ வந்துரு." பிறகு சிரித்தாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

6

நில் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தாள். உள்ளே ஒரு கயிற்றில் கோத்த இரண்டு சிறு துணித் துண்டுகள் இருந்தன. வேதக்காரர்கள் கழுத்தில் போடும் உத்தரியம்.

"சாமியாரு மந்திரிச்சுத் தந்ததாக்கும். பழசு இத்துப்போயிருக்கும். இதைப் போடச் சொல்லு. இது கழுத்துல கிடந்து செத்தா, உத்தரிக்கிற ஸ்தலத்துல வேகிற நாளு குறையும். தூரதேசமில்லியா, எப்பம் என்ன வரும்னு யாருக்குத் தெரியும்."

அவள் கை நீட்டியபடி இருந்தது. என்னால் அதை வாங்க முடியவில்லை. வாங்கியிருந்தால் இன்னும் இரண்டு வருஷம் எழுதிக்கொண்டிருப்பேன். "அம்மா, சூசை இல்லை" என்றேன். முன்பே செத்துவிட்டான், காய்ச்சல், கடிதங்களை நான்தான் எழுதினேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று நினைத்திருந்தேன். அதற்குச் சொல்ல ஆறுதல் வசனங்கள்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவள் பாறையில் உட்கார்ந்தாள்.

"எப்பம்?"

"இரண்டு வருஷம் இருக்கும்."

"தேதி?"

"தெரியாது."

"சாமியாரு வந்தாரா? அவஸ்தை எண்ணெய் பூசினாவளா?"

"தெரியாது. நான் ஊரில் இல்லை."

"பூசை?"

எங்கள் சபையில் செத்தவனுக்காக ஜெபிப்பது கிடையாது. உயிர் போனால் அவன் கர்த்தரிடத்தில், நமக்கு அங்கே வேலை இல்லை. துக்கம் என்பது உயிரோடு இருக்கிறவர்களுக்கு மட்டும் என்றுதான் நான் வளர்ந்தேன். அவளை நோகவிடக்கூடாது என்று எண்ணினேனே தவிர, சூசைக்கும் ஏதோ பாக்கியிருக்கிறது என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

"ரெண்டு ஆத்துமாக்கள் திருநாள் போயிருக்கு" என்றாள் அவள், குரல் உயராமல். "அவனுக்க அப்பனுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். எனக்க தாய்க்குக் கொளுத்தினேன். இவனுக்குக் கொளுத்தல்ல. இவன் சுகத்துக்குல்லா வேண்டிட்டுக் கிடந்தேன். அங்க கிடந்து வேகிறவனுக்கு எதுக்கு சுகம்?"

"உங்களுக்கு நோகுமென்று நினைத்து..."

"எனக்கு நோவும்னு நினைச்ச. அவனுக்கு நோவும்னு நினைச்சியா?"

அவள் எழுந்து உத்தரியத்தைத் திரும்பப் பொட்டலத்தில் மடித்தாள். மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கியவள் நின்று திரும்பினாள்.

"அந்தப் படத்தை ஒருத்தருக்கும் காட்டாதே. அதுல நான் சிரிச்சிட்டு நிக்கேன்." பிறகு, "தேதி மட்டும் கேட்டு எழுது. வேற ஒண்ணும் எழுதண்டாம்" என்றாள்.

7

திரும்பி வந்த வாரமே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சூசை என்று ஒருவன் அங்கே சேர்ந்ததாகவே புத்தகத்தில் இல்லை. எங்கள் தோட்டத்துப் பதிவில் ஓடிப்போனவனை எப்படிச் செத்தவனாகத் தேடுவது என்று கேட்டார்கள். மூன்று முறை மனு எழுதி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்ற பிறகு, கடைசியில் அந்த மாதத்துப் பக்கத்தைக் காட்டினார்கள். "தமிழன், ஆண், காய்ச்சல், பேர் தெரியாது." இப்படி மூன்று வரிகள், மூன்று தேதிகள். பேச்சு நின்ற பிறகு வந்து சேர்ந்தவர்களை அப்படித்தான் எழுதுவார்களாம். இந்த மூன்றில் ஒருவன் சூசை. எவன் என்று சொல்ல அந்த வண்டிக்காரனும் இப்போது இங்கே இல்லை.

ஏதாவது ஒரு தேதியை எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் மறுபடி பொய். பேனாவை எடுத்தும்விட்டேன். ஆனால் இந்த முறை மூன்றையும் எழுதி, எது என்று தெரியவில்லை என்றும் எழுதினேன்.

உபதேசியார் பதில் அனுப்பினார். மூன்று நாளுக்கும் பூசைக்கு எழுதியாகிவிட்டது, வருஷாவருஷம் நடக்கும். "மற்ற ரெண்டு பேரும் யாரு பெத்த பிள்ளைகளோ. அவங்க வீட்டுலயும் சுகத்துக்கு வேண்டிட்டுக் கிடப்பாவ. எனக்கு இனி எழுதண்டாம். அவங்களுக்கு எழுதச் சொல்லும்" என்று மிக்கேலம்மாள் சொன்னாளாம்.

அதன் பிறகு நான்கு வருஷமாகச் சுற்றுவட்டத் தோட்டங்களில், சூசையைப் போலவே, அந்த மாதம் "ஓடிப்போனான்" என்று எழுதப்பட்ட பேர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மற்றக் கிராணிகள் எனக்குப் பைத்தியம் என்கிறார்கள். பாதிப் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது. இதுவரை ஒரே ஒரு பேர் அகப்பட்டிருக்கிறது. தங்கையன், ஊர் சிதறால். தகப்பன் பேர் எழுதவில்லை. நம் பேச்சுப் பேசுகிற மூன்றாமவன் ஐந்து மைல் தள்ளி இருந்திருக்கிறான், எனக்குத் தெரியவில்லை.

அவன் செத்தான் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. உண்மையிலேயே ஓடிப்போய் எங்காவது பிழைத்துக் கிடக்கலாம். ஆனால் உறுதி வரட்டும் என்று காத்திருக்கப் போவதில்லை. சிதறால் பக்கத்தில் தங்கையன் என்று ஒருவன் மலாய்க்குப் போய், ரப்பர் விலை விழுந்த வருஷத்திலிருந்து கடிதம் நின்றுபோன வீடு இருந்தால், இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அங்கே போய் நான் எழுதியதை அப்படியே படித்துக் காட்டுங்கள். அவர்கள் கோவிலுக்குப் போகிறவர்களா, சர்ச்சுக்குப் போகிறவர்களா, அய்யாவழிப் பதிக்குப் போகிறவர்களா என்று எனக்குத் தெரியாது. எதைச் செய்வதானாலும் நாள் வேண்டியிருக்கும். மூன்று தேதிகளையும் இந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன், கேட்டால் தருவார்.